அம்மாவின் பொருத்தனையும் லேவியராகமம் 27-உம்

ஜனவரி 8, காலை 9:12 (வாசகர் கேள்வி)

வேதாகமத்தில் லேவியராகமம் 27-ஐ முதல்முறையாக முழுதாக வாசித்தேன். ஒரு ஆளைக் கடவுளுக்குத் தருவதாகப் பொருத்தனை செய்தால், அதாவது நேர்ந்துகொண்டால், அந்த ஆளுக்குப் பதிலாக எடைபோட்டுக் கட்டும் வெள்ளி அதில் இருக்கிறது. ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30, பச்சைப் பிள்ளைக்கு 5 அல்லது 3. கடவுளுக்குச் சொன்ன சொல்லைக் காசு கட்டித் தட்டிக்கழிக்கிற வழி இல்லாமல் இது வேறென்ன? அப்படி ஒரு வழி இருந்ததென்றால் இஸ்ரவேலின் தலைவன் யெப்தா, தான் செய்த பொருத்தனைக்காக ஏன் தன் மகளைப் பலி கொடுத்தான்?

ஜனவரி 8, இரவு 10:50

யெப்தாவுக்குப் பிறகு வருகிறேன், அது பெரிய கதை. முதலில் அந்த விலைப்பட்டியல்.

ஒருவன் இக்கட்டில் இருக்கிறான். "இதிலிருந்து தப்பினால் என்னையே கர்த்தருக்குத் தருவேன்" என்று சொல்லிவிடுகிறான். தப்பியும் விட்டான். இனி என்ன செய்வது? ஆலய வேலைக்கென்று லேவி கோத்திரம் தனியாக இருந்தது. யூதா கோத்திரத்து விவசாயி போய் வாசலில் நின்றால் அவனுக்கு அங்கே வேலை இல்லை. பலிபீடத்தில் மனுஷனை ஏற்றவும் கூடாது. சொல்லையும் விட முடியாது, உபாகமம் 23 அதில் கறாராக இருக்கிறது: நேர்ந்துகொண்டால் தாமதிக்காமல் செலுத்து, நேர்ந்துகொள்ளாமலே இருந்தால் உன்மேல் பாவம் இல்லை. சொல் நிற்க வேண்டும், ஆளும் பிழைத்திருக்க வேண்டும் என்றால் ஆளுக்குப் பதிலாக வெள்ளியைத்தான் வைக்க முடியும். 27-ஆம் அதிகாரம் செய்வது அதைத்தான்.

பட்டியல் இப்படி. 20 முதல் 60 வயது வரை ஆணுக்கு 50, பெண்ணுக்கு 30. 5 முதல் 20 வரை 20, 10. ஒரு மாதம் முதல் 5 வயது வரை 5, 3. அறுபதுக்கு மேல் 15, 10. ஏழையாக இருந்து கட்ட முடியாவிட்டால், நேர்ந்துகொண்டவனின் திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் குறைத்து மதிப்பிட வேண்டும். எட்டாம் வசனத்தில் இருக்கும் அந்தக் கடைசி விதியைப் பலரும் கவனிப்பதில்லை, எனக்கு இந்த அதிகாரத்தின் உயிரே அதில்தான் இருக்கிறதாகப் படுகிறது.

இன்னொன்று. இது சந்தை விலை இல்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டமான மிஷ்னாவில் 'அராகின்' என்று இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. இஸ்ரவேலிலேயே அழகான ஆளை நேர்ந்தாலும் அவலட்சணமான ஆளை நேர்ந்தாலும் கட்ட வேண்டியது அதே ஐம்பதுதான் என்று அது சொல்கிறது. "அவன் விலை என்மேல்" என்று சொன்னால் கதை வேறு. அப்போது அடிமைச் சந்தையில் அவன் என்ன விலைக்குப் போவான் என்று பார்ப்பார்கள். இரண்டு சொல், இரண்டு கணக்கு. பலசாலிக்கு அதிகம், நோயாளிக்குக் குறைவு என்கிற பேச்சே 27-இல் கிடையாது.

ஜனவரி 9, காலை 7:05

ராத்திரி எழுதியதை வாசித்துப் பார்த்தால் ஆண், பெண் வித்தியாசத்தைச் சும்மா தாண்டிப் போயிருக்கிறேன். அது நியாயமில்லை. 50-க்கு 30 என்பது வித்தியாசம்தான். வேலைத் திறனைப் பார்த்து வைத்த கணக்கு என்று சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதற்காக அது சமமாகிவிடாது. வயதானவர்களுக்கு வரும்போது மட்டும் இடைவெளி குறைகிறது, 15-க்கு 10. இதைப் பற்றி, மிஷ்னாவை விரித்து எழுதிய தால்முத்தில் ஒரு பழமொழி சொல்கிறார்கள்: வீட்டில் கிழவன் இருந்தால் பாரம், கிழவி இருந்தால் புதையல். அம்மாவிடம் சொன்னேன், ரொம்ப நேரம் சிரித்தாள்.

ஜனவரி 9, இரவு 11:30

அம்மாவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த அதிகாரம் எனக்கு வெறும் வாசிப்பு இல்லை.

1974-இல் எனக்கு மூன்று வயது. டைபாய்டு. பதினெட்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை என்பாள் அம்மா. எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஓரம், ஊரில் பாதிப்பேர் சபைக்காரர்கள். ஒரு ராத்திரி என்னை மடியில் போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைய எனக்குத் திருப்பித் தந்தா உம்ம ஊழியத்துக்கே விட்டுருதேன்" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா பக்கத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது.

நான் ஐயர், அதாவது சபைப் போதகர், ஆகவில்லை. பள்ளிக்கூடம் முடித்தபோது அம்மா கேட்டாள், எனக்கு விருப்பமில்லை என்றேன், அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கணக்கு எழுதுகிற வேலைக்குப் போனேன். அவளுக்கு இப்போது 81 வயது. என் வீட்டில் எது நடந்தாலும், என் மகளுக்குக் கால் முறிந்தபோதும், எனக்கு வேலை போனபோதும், "நான் சொன்ன சொல்லு நிக்கலயே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஐம்பது வருஷமாகச் சுமக்கிறாள். ஒரு சபைக் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பொருத்தனை செலுத்தாத குடும்பங்களைப் பற்றி உரக்கப் பேசிவிட்டுப் போனார், அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரத்தில்தான் நான் லேவியராகமம் 27-ஐ எடுத்து உட்கார்ந்தேன்.

அதனால் "தட்டிக்கழிக்கிற வழி" என்ற சொல் எனக்கு வலிக்கிறது. கேட்டவரைக் குற்றம் சொல்லவில்லை.

ஜனவரி 10, மதியம் 1:20

எனக்கு இப்போது 50-க்கு மேல், ஆண், ஆகவே 50 சேக்கல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தப்பு. அராகின் நாலாம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது: திராணி நேர்ந்துகொண்டவருடையது, வயது நேரப்பட்டவருடையது, மதிப்போ நேர்ந்துகொண்ட அந்த நாளுக்குரியது. ஐந்து வயதுக்குள் இருக்கும்போது நேர்ந்து, பிறகு பிள்ளை வளர்ந்துவிட்டால், கொடுக்க வேண்டியது அன்றைய வயதின் தொகைதான். அன்று எனக்கு மூன்று. ஆகவே 5 சேக்கல்.

பணம் குறைந்ததில் சந்தோஷம் இல்லை எனக்கு. அந்தச் சட்டம் அம்மாவின் மடியில் கிடந்த மூன்று வயதுப் பிள்ளையைத்தான் பார்க்கிறது. பிறகு நான் என்ன ஆனேன், என்ன ஆகாமல் போனேன் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதுதான் மனசுக்குள் நின்றது.

ஜனவரி 11, இரவு 9:40

யெப்தா. நியாயாதிபதிகள் 11. அம்மோனியரோடு போருக்குப் போகும்முன், ஜெயித்துத் திரும்பும்போது என் வீட்டு வாசலிலிருந்து எனக்கு எதிராகப் புறப்பட்டு வருவதைச் சர்வாங்க தகனபலியாகச் செலுத்துவேன் என்றான். வந்தது மகள், ஒரே மகள், தம்புரோடும் நடனத்தோடும். "உன் வாயிலிருந்து புறப்பட்டபடி எனக்குச் செய்" என்று அவளே சொல்கிறாள். இரண்டு மாதம் தவணை கேட்டு மலைகளில் தோழிகளோடு அழுதுவிட்டுத் திரும்பி வருகிறாள். பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை அந்தப் பிள்ளைக்கு.

இரண்டு மாதம்! அந்த இரண்டு மாதத்தில் யாராவது ஒரு ஆசாரியன் யெப்தாவிடம் போய், "ஐயா, இந்த வயதுப் பெண்பிள்ளைக்குப் பத்து சேக்கல், அதைக் கட்டு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? இது என் கேள்வி மட்டும் இல்லை, யூத வேத அறிஞர்களான பழைய ரபிகளும் கேட்டிருக்கிறார்கள். ஆதியாகமத்துக்கு அவர்கள் எழுதிய மித்ராஷ் என்ற விளக்கத்தில் வருகிறது: அப்போது பொருத்தனையை அவிழ்த்துவிடக் கூடிய பினெகாஸ் உயிரோடுதான் இருந்தான். ஆனால் பினெகாஸ், "அவனுக்குத்தானே தேவை, அவன் என்னிடம் வரட்டும், நான் பிரதான ஆசாரியன்" என்றான். யெப்தாவோ, "நான் இஸ்ரவேலின் தலைவன், நான் போய் அவனிடம் நிற்பதா" என்றான். இரண்டு பேருடைய கௌரவத்துக்கும் நடுவில் அந்தப் பெண் செத்துப்போனாள். இருவருக்கும் தண்டனை வந்தது என்று கதை முடிகிறது. எனக்குத் தெரிந்த எத்தனையோ வீட்டுச் சண்டைகள் இதே மாதிரிதான், யார் முதலில் படியேறுவது என்பதிலேயே பிள்ளைகள் அழிந்து போகிறார்கள்.

ஜனவரி 12, காலை 6:30

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "பத்து சேக்கல் கட்டியிருக்கலாம்" என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. 27-ஆம் அதிகாரம் மதிப்பைச் செலுத்துவதாக நேர்ந்துகொள்வதைப் பற்றியது. யெப்தா நேர்ந்ததோ தகனபலி. இதில் ரபிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ரபி யோகனான், அவன் பணமாகக் கட்டக் கடன்பட்டவன் என்கிறார். ரேஷ் லாகிஷ், பணம்கூட வேண்டாம், பலிக்கு ஆகாத ஒன்றைப் பலியாக நேர்ந்தால் அந்தச் சொல்லே செல்லாது என்கிறார். வாசலில் நாயோ கழுதையோ வந்திருந்தால் ஏற்றியிருப்பானா? ஏற்ற முடியாது. மகளையும் ஏற்ற முடியாது. எந்தக் கட்சியானாலும் அந்தப் பெண் சாக வேண்டிய அவசியமே இல்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.

கழுதை என்றதும் ஞாபகம் வந்தது. கழுதைத் தலையீற்றைப் பலியிட முடியாது, ஆகவே ஒரு ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்க வேண்டும், மீட்காவிட்டால் அதன் கழுத்தை முறித்துப்போட வேண்டும் என்று யாத்திராகமம் 13-இல் இருக்கிறது. அதே வசனத்தில் அடுத்த வாக்கியம்: உன் பிள்ளைகளில் முதற்பேறான ஆண்பிள்ளையை எல்லாம் மீட்டுக்கொள். பிள்ளைக்குக் கழுத்து முறிக்கிற பேச்சே இல்லை, மீட்டே ஆக வேண்டும்.

ஜனவரி 12, இரவு 10:15

இன்னொரு வாசகர் லேவியராகமம் 27-இன் 28, 29 வசனங்களைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார். "மீட்கப்படாமல் கொலைசெய்யப்பட வேண்டும்" என்று அங்கே இருக்கிறதே, அது மனுஷரைப் பற்றித்தானே என்று. ஆமாம். அதை மறைக்க மாட்டேன்.

எபிரெயத்தில் பொருத்தனைக்கு 'நேதெர்', அந்த வசனங்களில் வருவது 'ஹேரெம்'. சாபத்தீடு, அதாவது முழு அழிவுக்கென்று கடவுளுக்கு ஒதுக்கியது. யோசுவா புத்தகத்தில் எரிகோ பட்டணத்தை அழித்தது, அந்தக் கொள்ளையிலிருந்து ஆகான் திருடியது எல்லாம் அந்த வகை. இஸ்ரவேலுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. பக்கத்து மோவாபின் ராஜா மேசா, கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டிவைத்ததில், நேபோ ஊரைப் பிடித்து 7,000 பேரைக் கொன்றதைச் சொல்லி, தன் தெய்வத்துக்கு அதை ஹேரெம் ஆக்கியதாக இதே வேர்ச்சொல்லால் எழுதுகிறான். 1868-இல் தீபானில் கிடைத்த கல் அது, இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்க்காலத்துக் கொடுமை. பிற்காலத்து ரபிகள் 29-ஆம் வசனத்தை, நீதிமன்றத்தில் மரணதண்டனை தீர்ந்தவனுக்கு மதிப்புத்தொகை கிடையாது என்கிற அளவுக்குச் சுருக்கி வாசித்தார்கள். அப்படிச் சுருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய காரியம். ஆனாலும் அந்த வசனம் அங்கேதான் இருக்கிறது. வாசிக்கும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜனவரி 14, மாலை 4:00

கொஞ்சம் இலேசான விஷயத்துக்கு வருவோம். எங்கள் ஊர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் உண்டு. காய்கறி, வாழைத்தார், முட்டை, சேவல், ஆட்டுக்குட்டி, கருப்பட்டி எல்லாம் காணிக்கையாக வரும், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கொடுத்தவர்களே திருப்பி ஏலத்தில் எடுப்பதும் உண்டு, ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துப் போவார்கள். சின்ன வயதில் எனக்கு இது புரியவே புரியாது. கொடுத்ததை ஏன் வாங்குகிறார்கள்?

27-இல் வீட்டை நேர்ந்தவன், பலிக்கு ஆகாத மிருகத்தை நேர்ந்தவன், தானே அதை மீட்க விரும்பினால், ஆசாரியன் போட்ட மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட வைக்க வேண்டும். மற்றவன் வாங்கினால் அந்தக் கூடுதல் கிடையாது. சொந்தக்காரன்தான் கூடக் கொடுக்க வேண்டும். 100 என்றால் 120.

இதையொட்டி அராகின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு கதை. ஒருவன் தன் வயல் விளங்காத வயல் என்பதால் அதைக் கடவுளுக்கென்று எழுதி வைத்துவிட்டான். ஏலம் வந்தது. சொந்தக்காரன் ஐந்தில் ஒரு பங்கு கூடக் கட்டுவான் என்பதால் அவனைத்தான் முதலில் கேட்கச் சொல்வது வழக்கம். அவன் ஒரு சில்லறைக் காசு சொன்னான். காசுகூட இல்லை, ஒரு முட்டைதான் சொன்னான் என்கிறார் ரபி யோசே. சரி, உனக்கே என்று முடித்துவிட்டார்கள்! காசும் போய், வயலும் அவன் தலையிலேயே வந்து விழுந்தது. எங்கள் ஊர் ஏலம் நடத்துகிற அண்ணாச்சி இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஜனவரி 14, இரவு 8:20

120 என்று எழுதினேன் அல்லவா, ரபிகளின் கணக்கில் 125. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வருகிற மாதிரி கூட வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள், அதாவது அசலில் கால் பங்கு. மிஷ்னா எடுத்துக்காட்டிலேயே 20 சொன்ன சொந்தக்காரன் 25 கட்டுகிறான். கணக்குப்பிள்ளையாக இருந்துகொண்டு இதை விட்டிருக்கக் கூடாது.

ஆனால் ஆளை மீட்கும்போது இந்தக் கூடுதல் இல்லை. அதையும் தேடிப் பார்த்துவிட்டேன், மனுஷர் வரும் வசனங்களில் ஐந்தில் ஒரு பங்கு வருவதே இல்லை.

ஜனவரி 15, காலை 7:45

சித்தியின் சேவல். அவள் "அந்தச் செவலைச் சேவலைத் தருவேன்" என்று நேர்ந்திருந்தாள். பண்டிகைக்கு முந்தின வாரம் மரநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதைவிடப் பெரிய சேவலாக விலைக்கு வாங்கிக் கொடுத்தாள், ஆனாலும் மனசு ஆறவில்லை. மிஷ்னாவில் இதற்கு அழகான பதில் இருக்கிறது. "என்மேல் கடன்" என்று சொன்னால் பொருத்தனை, செத்தாலும் களவு போனாலும் மறுபடி கொடுக்க வேண்டும். "இதோ இது" என்று ஒன்றைச் சுட்டிச் சொன்னால் உற்சாகபலி, அது போய்விட்டால் உன்மேல் கடன் இல்லை. சித்தி சுட்டிச் சொன்னவள். அவள் இப்போது இல்லை, சொல்லிக் காட்ட முடியவில்லை.

ஜனவரி 17, இரவு 11:55

அப்பாவைப் பற்றி எழுதாமல் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணாகமம் 30. மனைவி ஒரு பொருத்தனை செய்கிறாள். புருஷன் அதைக் கேட்கிற நாளிலேயே வேண்டாம் என்று தடுத்தால் அது செல்லாது, கர்த்தர் அவளுக்கு மன்னிப்பார். கேட்டும் மௌனமாக இருந்துவிட்டால் அது நிலைத்துவிடும். நாள் கழித்து அவன் மறுபேச்சுப் பேசினால், அந்த அக்கிரமத்தை அவன் சுமப்பான், அவள் இல்லை. கல்யாணமாகாத மகளின் பொருத்தனைக்கு அவள் அப்பாவின் காது இப்படியே. விதவையும் தள்ளப்பட்டவளும் சொன்னது மட்டும் யாருடைய காதையும் கேட்காமல் அப்படியே நிற்கும்.

பெண்ணின் சொல்லுக்கு ஆணின் அனுமதியா என்று இன்றைக்கு வாசிக்கும்போது உறுத்துகிறது, உறுத்தட்டும். எனக்கு இதில் வேறொன்று கண்ணில் பட்டது. மௌனத்துக்கும் பொறுப்பு உண்டு என்கிறது. அப்பா அன்று ராத்திரி பக்கத்தில் இருந்தார், கேட்டார், பேசவில்லை. நான் ஊழியத்துக்குப் போகவில்லை என்று சொன்னபோதும் பேசவில்லை. பாரம் முழுவதும் அம்மா தலையில். அப்பா போய்ப் பதினொரு வருஷமாகிறது. அவர் ஒரு வார்த்தை, "ஏட்டி, நானுந்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்.

சாமுவேல் தீர்க்கதரிசியின் தகப்பன் எல்க்கானா அப்படி இல்லை. அவன் மனைவி அன்னாள், தன் பொருத்தனையின்படி பிள்ளையை சீலோ ஆலயத்தில் விடுவேன் என்றபோது, "உன் இஷ்டப்படி செய், கர்த்தர் தம்முடைய வார்த்தையை நிறைவேற்றட்டும்" என்று வாயைத் திறந்து சொன்னான். 1 சாமுவேல் 1:23. இத்தனை வருஷம் அந்த வசனத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

ஜனவரி 18, காலை 8:10

அம்மாவிடம் 27-ஐயும் எண்ணாகமம் 30-ஐயும் வாசித்துக் காட்டினேன். வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே கேள்வி: "அப்போ அன்னாள் ஏம்ல வெள்ளி குடுக்கல? அவளுக்குத் தெரியாதா அஞ்சு சேக்கலு?"

பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

ஜனவரி 19, இரவு 10:30

அன்னாளுக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அவள் மீட்கவில்லை. பால் மறந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள், காளையும் ஒரு மரக்கால் மாவும் ஒரு துருத்தி திராட்சரசமும் கொண்டுபோனாள். வருஷா வருஷம் சின்னச் சட்டை ஒன்று தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தச் சட்டையை நினைத்தால் எனக்கு அன்னாளைவிட அம்மாதான் கண்ணில் வருகிறாள். கொடுக்காத பிள்ளையைக் கொடுத்த மாதிரியே நினைத்து நினைத்து வளர்த்தவள்.

இன்னொரு தாயும் இருக்கிறாள், அதியபேனே என்ற பழைய நாட்டின் ராணி ஹெலேனா, கி.பி. முதல் நூற்றாண்டு, யூத மார்க்கத்துக்கு வந்தவள். மகன் போருக்குப் போனபோது, அவன் நல்லபடியாகத் திரும்பினால் ஏழு வருஷம் நசரேய விரதம் இருப்பேன் என்றாள். திராட்சரசம் கிடையாது, முடி வெட்டக் கூடாது, பிணத்தருகே போகக் கூடாது. காலம் சொல்லாமல் நேர்ந்தால் வெறும் முப்பது நாள்தான் அந்த விரதம், அவளோ ஏழு வருஷம். மகன் வந்தான், ஏழு வருஷம் இருந்தாள். இஸ்ரவேல் நாட்டுக்கு வந்தபோது, வெளிநாட்டில் இருந்தது கணக்கில் வராது, இன்னொரு ஏழு இரு என்று ஹில்லேல் என்ற ரபியின் பள்ளியார் சொல்லிவிட்டார்கள். அதன் கடைசியில் தீட்டுப்பட்டது, மறுபடி ஏழு. இருபத்தொன்று. இல்லை, பதினான்குதான் என்கிறார் ரபி யூதா. ஏதாகிலும் இருக்கட்டும், ஒரு ராத்திரியில் பயந்துபோய்ச் சொன்ன சொல்லுக்கு அத்தனை வருஷம். அவளை யாரும் வற்புறுத்தியதாகத் தெரியவில்லை, அவளே சுமந்தாள்.

பொருத்தனையைப் பெரியவர்கள் அவிழ்த்துவிடும் வழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்று தேடிய ரபிகள், அது காற்றில் பறக்கிறது, சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை என்று தாங்களே ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் அவிழ்த்தார்கள். ஆதாரம் குறைவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஜனங்களை விடுவித்தார்கள், அதுதான் எனக்கு அவர்களிடம் பிடித்தது.

ஜனவரி 21, மாலை 6:40

வாசகர்கள் சேக்கலின் எடை கேட்டிருந்தார்கள். யூதாவில் கிடைத்த எடைக்கற்களின்படி சேக்கல் 11.3 கிராம் வாக்கில். ஐந்துக்கு 57 கிராம் வெள்ளி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். இதிலும் சின்னத் திருத்தம். முதற்பேறான பிள்ளைக்கான ஐந்து சேக்கலை மிஷ்னா தீரு நகரத்துக் காசில் கணக்கிடச் சொல்கிறது, அந்தக் காசு 14 கிராம் வரும், அப்போது 70 கிராம். இன்றைக்கும் யூத வீடுகளில் பிள்ளைக்கு 31-ஆம் நாள் அந்த மீட்புச் சடங்கு நடக்கிறது. "பிள்ளை வேண்டுமா, ஐந்து வெள்ளிக்காசு வேண்டுமா" என்று ஆசாரியன் கேட்பார், தகப்பன் காசைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வான்.

இரண்டு எடையையும் அம்மாவிடம் சொன்னேன். "கூடுனதே இருக்கட்டும்" என்றாள்.

ஜனவரி 28, இரவு 9:15

ஒரு வாரமாக எழுதவில்லை. அன்னாளைப் பற்றி அம்மா மறுபடி கேட்கவில்லை. ஆனால் நேற்று, "அந்த வெள்ளிய எதுக்குச் செலவழிப்பாங்க?" என்றாள்.

அது 2 இராஜாக்கள் 12-இல் இருக்கிறது. ஆளுக்கு ஆள் மதிப்பிட்டுக் கட்டும் பணத்தையும் மற்றக் காணிக்கையையும் வைத்து ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொன்னான் யூதாவின் ராஜா யோவாஸ். அவன் ஆட்சியின் 23-ஆம் வருஷம் வரைக்கும் ஆசாரியர் எதையும் பழுதுபார்க்கவில்லை. அப்புறம் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்துக்கு வலதுபக்கம் வைத்தான். பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் போனது. அவர்கள் உண்மையாக நடந்ததால் அவர்களிடம் கணக்குக்கூடக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பலிக்குப் போகவில்லை, கட்டடத்துக்குப் போனது.

"நம்ம கோயில்ல ஐயர் நிக்க எடத்துக்கு மேல ஒழுகுது" என்றாள் அம்மா.

இன்று காலையில் அவளுடைய பழைய தண்டையை எடுத்துக்கொண்டு நகை செய்கிற ஆசாரியிடம் போனோம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். தராசில் 66 கிராம் காட்டியது. நான் கையில் இருந்த பணத்தைப் போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கைப்பையைத் திறந்து அப்பா போட்ட மெட்டி இரண்டையும் எடுத்து வைத்தாள். 71.

ஆசாரி விலை போட்டு எண்ணிக் கொடுத்ததை அப்படியே கவரில் வைத்துச் சபை ஊழியரிடம் கொடுத்தோம். ரசீதில் யார் பெயர் எழுத என்று அவர் கேட்டார். என் பெயரைச் சொல்லச் சொன்னாள். பிறகு, "இவுங்க அப்பா பேரையும் சேத்து எழுதுங்க" என்றாள்.